முகம் பொருந்தவில்லை

மூன்று வருடமாகப் பேசாத அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வாயில் பிரஷ்ஷோடு போய்த் திறந்தேன். திறந்தவுடன் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பிறகு, அவளைத் தெரியாது என்று சொன்ன ஓர் இயந்திரத்தை நான் திட்டிய திட்டுகளையெல்லாம் நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது. வலது பாதி என் அக்கா. இடது பாதி யாரோ. அந்தப் பக்கக் கன்னம் இறங்கி, வாயின் ஓரம் கீழே இழுத்து, நெற்றியில் அவளுக்கே உரிய மூன்று கோடுகளும் பாதியில் நின்றுபோயிருந்தன. நான் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். உதடு கூடவேண்டிய எழுத்துகளில் எல்லாம் காற்று ஒழுகியது.

"உள்ள வரல. வண்டிய எடு. ஆறு மணிக்குள்ள எங்க கேட்டுல நிக்கணும்."

"என்ன ஆச்சு உனக்கு?"

"வண்டில சொல்றேன். தலைய சீவிக்கோ. நடு வகிடு எடு."

மூன்று வருடம் கழித்து வந்தவள் எனக்கு வகிடு எடுக்கச் சொல்லித் தருகிறாள். எரிச்சலில் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அந்த இறங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் கதவைச் சாத்த முடியாது. வாயைக் கொப்பளித்து, நடு வகிடு எடுத்து, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் பிழைப்பு கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. என் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்து இருக்கையில் இருக்கும் எனக்கு ஒன்று. அன்றைக்கு நான் ஓட்ட, அக்கா என் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பதற்றத்தில் காலை ஊன்றி இரண்டு முறை பிரேக்கை அழுத்தி நடுச்சாலையில் வண்டியை நிறுத்தினாள். "அங்கேருந்து கால எடு, இல்லன்னா இறங்கி நட" என்றேன். காலை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக ஒரு ஓரமாக வழிந்திருக்கிறது. பக்கவாதம் என்று பயந்து ஓடினால், மருத்துவர் இது முகவாதம், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, சில வாரத்தில் சரியாகலாம், சில மாதமும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு வேலைக்குப் போனாள். வேலை என்றால், நகரத்து மருத்துவமனைகளின் துணியெல்லாம் வந்து சேரும் பெரிய சலவை ஆலை. அதில் மடிக்கும் மேஜையில் பதினோரு வருடம். கை, கால், முதுகு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. விரிப்பு மடிக்க முகம் எதற்கு?

ஆனால் கேட்டைத் தாண்ட முகம் வேண்டும். முன்பு அங்கே ஒரு காவல்காரரும் ஒரு கையெழுத்து நோட்டும் இருந்தார்கள். போன வருடம் இரண்டையும் எடுத்துவிட்டு, கம்பத்தில் ஒரு திரையை வைத்துவிட்டார்கள். திரையில் முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும், வருகை பதிவாகும். அக்கா காட்டினாள். சிவப்பு. "முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்." மூன்று முறைக்கு மேல் போனால் கால்மணி நேரம் பூட்டிக்கொள்ளும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். சூப்பர்வைசர் வந்து சரக்கு வண்டி வரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே விட்டிருக்கிறார். முழு நாள் வேலை பார்த்தாள். பதிவில் வரவில்லை என்று இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கைபேசிக்குச் செய்தி: உங்கள் பெயரில் வேறொருவர் நுழைய முயன்றிருக்கிறார், உங்கள் பாதுகாப்புக்காக இதைக் கவனித்து வருகிறோம்.

"அந்த வேற ஒருத்தர் நான்தான்" என்றாள் அக்கா.

"புது மூஞ்சிய பதிஞ்சுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"பதியலாம். அதுக்கு முதல்ல பழைய மூஞ்சியக் காட்டி உள்ள போகணுமாம்."

உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். ஒரு பெண்குரல், தேன் மாதிரி. மனுஷி இல்லை. அக்காவின் வாயில் 'மு' நிற்காமல் ஒழுகியதால், "நகம் தொடர்பான தகவல் எங்களிடம் இல்லை, மன்னிக்கவும்" என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. அவள் மகள் கைபேசியை வாங்கித் தெளிவாகப் பேசியதும், "உங்கள் குரல் பணியாளரின் குரலோடு பொருந்தவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டது. பழைய புகைப்படத்தைத் திரைக்கு முன் பிடித்தும் பார்த்துவிட்டார்கள். உயிருள்ள முகத்தைக் காட்டவும் என்று வந்ததாம். மொத்தம் பத்து நாள் வரவில்லை என்று பதிவானால் பெயர் தானாக நீங்கிவிடும். ஐந்து நாள் போயிருந்தது. நேற்று மாலை மகள்தான் சொன்னாளாம், "அம்மா, சித்தி அப்படியே உன்னை மாதிரிதானே இருப்பாங்க."

அவளை மாதிரி நான் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். அதைவிட, மூன்று வருடத்துக்கு முன் நான் கணவனை விட்டு வந்திருந்த சமயம், உறவுக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில், பக்கத்து அறையில் நான் இருப்பது தெரிந்தும் அவள் சொன்னாள்: "எப்பப் பாத்தாலும் கடுகடுன்னு. இந்த மூஞ்சிய தினமும் பாத்துக்கிட்டு எவன் இருப்பான்?" அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அந்த மூஞ்சியைத்தான் கேட்டு வந்திருக்கிறாள். இதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட் வந்துவிட்டது.

ஆலைக்கு முன்னால் சோப்பும் கொதிநீரும் கலந்த ஒரு வாடை. இருபது முப்பது பெண்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா புடவைக்கு மேல் போட்டிருந்த தன் நீல வேலைச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது போல. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள். என் முறை வந்தது. திரையில் என் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்து சுழன்றது. பொருந்தக்கூடாது என்று அந்த ஒரு நொடியில் நான் ஆசைப்பட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அக்காவின் பெயரைச் சொல்லி, "வணக்கம், இன்று புத்துணர்ச்சியோடு இருக்கிறீர்கள்" என்றது.

உள்ளே போய், பக்கவாட்டுக் கதவருகே சட்டையைக் கழற்றி, அது வழியாக வந்த அக்காவிடம் கொடுத்தேன். சூப்பர்வைசர் அங்கே நின்றிருந்தார். நாற்பது வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டைகள் மட்டும் நான்கைந்து தொங்கின. எங்களைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"சார், உங்களுக்குத் தெரியுமே இவதான்னு" என்றேன்.

"நல்லாத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது? சிஸ்டத்துல நான் எழுதிப் போட்டிருக்கேன். அது பாத்து ஏதாவது சொல்ற வரைக்கும்..." என்று இழுத்தவர், நாங்கள் நிற்பதே தெரியாதவர் போல ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து வெளியே வரவும் முகம் காட்ட வேண்டும் என்பதை அக்கா என்னிடம் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போனில் சொன்னாள். அந்த நேரத்தில் நான் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதில் கற்றுக்கொள்ள வந்தவர், பின்பக்கம் திரும்பிப் பார்ப்பதையே பாவமாக நினைப்பவர். அவரையே ஆலை வரைக்கும் ஓட்டவைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, என் வகுப்புகளை அங்கே இங்கே பிய்த்துப் போட்டு, நடு வகிடோடு அலைந்தேன். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்த நாளில் ஒருவேளை அது என்னையும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயந்து, போகும் வழியில் பவுடர் வாங்கினேன். என் சொந்த முகத்தைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட்டதே இல்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் அக்காவைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு திரும்புகையில், மளிகைக்கடைக்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்களா?"

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

அவர் இறங்கியபின் அக்கா முன் இருக்கைக்கு வந்தாள். பிறகு, "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"இல்ல, உன் மூஞ்சி நல்லாத்தான்டி இருக்கு. அந்த மெஷினுக்கே புடிச்சிருக்கு பாரு."

மன்னிப்பு கேட்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. அவள் முகத்தின் பாதி சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக வீட்டுக்குப் போய் என் மேலேயே கோபப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஆலையிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். உடனே வரச் சொன்னார். போனால், கேட்டுக்கு வெளியே வெயிலில் அக்கா நிற்கிறாள், தலையில் வேலைத் தொப்பியோடு. அவளை மேலிடம் அனுப்பிய இரண்டு காவலாளிகள் வெளியே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இழுத்து வரவில்லை, மரியாதையாகத்தான் வந்தார்கள் என்று சொன்னாள். அது இன்னும் மோசம் போலிருந்தது அவள் சொன்ன விதத்தில்.

நடந்தது இதுதான். மடிக்கும் மேஜைக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. தொப்பியும் கையுறையும் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வைத்தது. அது தொப்பியோடு சேர்த்து முகத்தையும் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. நான்காம் மேஜையில் பதிவில்லாத நபர் ஒருவர் தினமும் நிற்கிறார். பதிவுள்ள பணியாளர் காலையில் உள்ளே வருகிறார், ஆனால் எந்த மேஜையிலும் காணவில்லை. சூப்பர்வைசர் எழுதிப்போட்ட மனுவையும் அது பரிசீலித்துவிட்டது. பணியாளரின் முகம் தினமும் எந்தச் சிக்கலும் இல்லாமல் பொருந்துவதால், முகம் மாறியதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. முதல் வாரம் கேட்டில் நுழைய முயன்றவரும் மேஜையில் நிற்பவரும் ஒரே ஆள். ஆள்மாறாட்டம். அக்காவின் வேலையைக் காப்பாற்ற ஒன்பது நாள் நான் காட்டிய முகம், அவள் அவள் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

"ஆனா ஒரு நல்லது" என்றார் சூப்பர்வைசர். "ஆள்மாறாட்டம்னு வந்தா மனுஷன் விசாரிக்கணும்னு விதி இருக்கு. இன்னைக்கு மத்தியானம் அதிகாரி வர்றார்."

அதிகாரி வந்தது ஒரு திரையில்தான். முன்பு காவல்காரர் உட்கார்ந்திருந்த சிறு அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் திரை. வேறு ஏதோ ஊரிலிருந்து பேசினார். இளைஞர், தூக்கம் போதாத கண்கள், அன்றைக்கு அது அவருக்குப் பதினெட்டாவது விசாரணை என்று பிறகு சொன்னார். ஆனால் மனுஷன். மனுஷன் என்பதாலேயே எனக்கு அவரைப் பார்த்ததும் உயிர் வந்தது. அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், கீழே எதையோ படித்தார், பிறகு என்னிடம் மிகப் பணிவாகக் கேட்டார்.

"மேடம், உங்க இடத்துல இந்தம்மா எத்தனை நாளா வேலை பாக்குறாங்க?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "சார், நான் கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ. என் தொழில் வேற. இந்த ஆலைக்குள்ள நான் அந்தப் பக்கவாட்டுக் கதவைத் தாண்டி ஒரு அடி வச்சதில்ல. இங்க வேலை பாக்கறது இவ. இவ என் அக்கா. இவளுக்கு மூஞ்சி வாதம் வந்திருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தது இதோ இருக்கு. தப்பு பண்ணினது நான். தினமும் வந்து மூஞ்சி காட்டினது நான்."

"அவங்களையும் பேசவிடுங்க."

அக்கா பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் விரலால் பிடித்து நிறுத்துகிறவள் மாதிரி. பதினோரு வருடம், எந்த மருத்துவமனையின் விரிப்பில் எந்த நிறக் கோடு, எந்த மூட்டையைப் பிரிக்கும்போது ஊசி இருக்கும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும், துணி தேய்க்கும் உருளை இயந்திரம் பழுது பார்த்த மூன்றாவது மாதத்தில் எந்தப் பக்கம் சூடு ஏறாது. பேசி முடிப்பதற்குள் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். சூப்பர்வைசர் எழுந்து நின்றே சாட்சி சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா" என்றார் கடைசியில்.

"அப்பாடா" என்றாள் அக்கா.

"இருங்க. எனக்கு இதுல ரெண்டு பதில்தான் இருக்கு. ஆள்மாறாட்டம் நடந்தது, நடக்கலை. நடந்ததுன்னு போட்டா உங்க பேர் போயிடும், எங்கேயும் இந்த மாதிரி வேலைக்கு மறுபடி சேர முடியாது. நடக்கலைன்னு போட்டா, பதிவுல இருக்கிற மூஞ்சிதான் பணியாளர்னு முடிவாகி கோப்பு மூடிடும். அப்படின்னா உங்க தங்கச்சிதான் இங்க வேலை பாக்கறவங்க. நீங்க யாரும் இல்ல."

"மூணாவதா ஒண்ணு கிடையாதா?" என்றேன்.

"மேல அனுப்பலாம். ரெண்டு நாள் ஆகும். சில சமயம் ரெண்டு வாரம். மேல யாரு பாக்கறாங்கன்னு எனக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதுன்னா பின்ன நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அத நானும் அப்பப்ப நினைக்கறதுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேல அனுப்பறேன். ஆனா முடிவு வர்ற வரைக்கும் பதிவுல இருக்கிறவங்க வேலைக்கு வரணும். வரலைன்னா வராத நாளா ஏறும். ஏற்கெனவே அஞ்சு ஏறியிருக்கு. பத்து ஆச்சுன்னா நான் என்ன எழுதினாலும் நிக்காது." திரையில் எங்கள் மூவரின் முகமும் சிறு கட்டங்களில் தெரிந்தது. என் கட்டத்தின் கீழே அக்காவின் பெயர் இருந்தது. அவள் கட்டத்தின் கீழே ஒன்றுமில்லை.

வண்டியில் ஏறி வெகுநேரம் நான் சாவியைத் திருகவில்லை. "விட்டுடு" என்றாள் அக்கா. "நாலு வீட்ல துணி வாங்கித் தேச்சுக் குடுப்பேன். பொழைச்சுப்பேன்." நான் மளிகைக்கடைக்காரருக்கும் இன்னும் நான்கு பேருக்கும் போன் போட்டு, இந்த வாரம் வகுப்பு இல்லை, ரிவர்ஸை வீட்டில் நாற்காலி போட்டுப் பழகுங்கள் என்று சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னால மடிக்க முடியாதுடி" என்றாள். "உன் வீட்டு போர்வையவே சுருட்டித்தான் வைப்ப." அது உண்மைதான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை அவளுடைய நீலச் சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன். திரை வணக்கம் சொல்லித்தான் அனுப்பியது. நான்காம் மேஜையில் அக்காவோடு இத்தனை வருடம் எதிரெதிராக நின்று மடித்த பெண் இருந்தாள். எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "கைய இறக்காத. மூலைய விரல்ல சுத்திப் பிடி. நான் இழுக்கும்போது நீ இழுக்கணும்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. உருளையிலிருந்து விரிப்புகள் சுடச்சுட வந்து விழுந்துகொண்டே இருந்தன. முதல் விரிப்பை நழுவவிட்டேன். இரண்டாவது கோணலானது. பத்தாவதற்குள் விரல் நுனிகள் எரிய ஆரம்பித்தன, இருபதாவதில் தோள்பட்டை. இதைப் பதினோரு வருடம் செய்திருக்கிறாள். தலைக்கு மேலே கேமராவில் ஒரு சின்னப் பச்சைப் பொட்டு என்னையே பார்த்து நிம்மதியாக மினுங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணி இருக்கும். சரக்கு வண்டிக்காகப் பெரிய கதவைத் திறந்தார்கள். நீராவி கலைந்து வெளிமுற்றமும் கேட்டும் தெரிந்தன. காரில் இருக்கச் சொல்லிவிட்டு வந்த அக்கா கேட்டருகே, திரைக்கு முன்னால், யாரும் இல்லாத நேரம் பார்த்து நின்றிருந்தாள். தலையை நேராக வைத்து, நடு வகிட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு இடது கையின் இரண்டு விரல்களால் இறங்கிய கன்னத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள், வலது பக்கத்துக்குச் சரியாக வரும் வரைக்கும். தூக்கிப் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். திரையில் வட்டம் சுழல ஆரம்பித்தது.

"இழு" என்றாள் நெட்டை. நான் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்தபடி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.